லைப்ரரி இருக்கிறதே, அப்புறம் ஏன் இல்லை என்கிறது?

சி மொழியில் எழுதிய நிரல் ஒன்றில் ஃபைல்களைச் சுருக்கி வைக்கும் வசதி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்கை நாமே எழுத வேண்டியதில்லை. பிறர் எழுதி வைத்த ஃபங்ஷன்களின் தொகுப்பான லைப்ரரி ஒன்று, இசட்லிப் இருக்கிறது. ஜான்-லூ கயீயும் மார்க் அட்லரும் பிஎன்ஜி படங்களைக் கையாளும் லைப்ரரிக்காக எழுதி, 1995 மே மாதம் வெளியிட்டது. முப்பது வருடமாகப் புழங்கும் லைப்ரரி, இலவசம், கட்டுப்பாடுகளும் குறைவு. நிரலின் தலையில் ஒரு இன்க்ளூட் வரி சேர்க்கிறோம், கம்ப்ரஸ் என்ற ஃபங்ஷனை அழைக்கிறோம், இயங்கும் நிரலாகக் கட்ட பில்ட் போடுகிறோம். திரையில் வருவது: 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு கம்ப்ரஸ்'.

முதல் முறை இதைப் பார்க்கும் யாருக்கும் எழும் கேள்வி ஒன்றுதான். லைப்ரரியை இன்ஸ்டால் செய்திருக்கிறேன், ஹெடர்கூடக் கிடைத்துவிட்டது, அப்புறம் ஏன் இல்லை என்கிறது? வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இதே இடத்தில் ஒரு முழு நாள் உட்கார்ந்திருக்கிறேன். கிடைத்த வரிகளையெல்லாம் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்ததில் ஏதோ ஒன்று வேலை செய்தது. எதனால் சரியானது என்று தெரியாததால், அடுத்த லைப்ரரி சேர்க்கும்போதும் அதே ஒரு நாள் போனது.

விஷயம் இதுதான்: லைப்ரரியைத் தேடுவது மூன்று பேர். கம்பைலர், லிங்கர், லோடர். மூவரும் தேடும் பொருள் வேறு, தேடும் இடம் வேறு, தேடும் நேரமும் வேறு. ஒருவருக்குச் சொன்ன பதில் மற்றவருக்குப் போய்ச் சேராது. எரர் வந்தால், இதைச் சொல்வது யார் என்று முதலில் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கம்பைலருக்கு வேண்டியது ஹெடர் மட்டும். இசட்லிப்.எச் என்ற ஃபைலில் கம்ப்ரஸ் என்றொரு ஃபங்ஷன் உண்டு, அது இன்னின்ன வாங்கும், இன்னது திருப்பித் தரும் என்று எழுதியிருக்கும். ஓட்டல் சுவரில் தொங்கும் பட்டியல் மாதிரி. பொங்கல், வடை, விலை எல்லாம் அதில் உண்டு. அடுப்பில் பொங்கல் இருக்கிறதா என்பது அதில் தெரியாது. கம்பைலர் பட்டியலைப் பார்த்து, நாம் கேட்ட விதம் சரிதானா என்று மட்டும் சரிபார்த்துவிட்டு, 'கம்ப்ரஸ் எங்கோ இருக்கிறது, பிறகு நிரப்பிக்கொள்க' என்று தான் உருவாக்கும் ஆப்ஜெக்ட் ஃபைலில் ஓர் இடத்தைக் காலியாக விட்டுப் போய்விடும்.

ஹெடரே கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் பேக்கேஜ். டெபியன், உபுன்டு வகை லினக்ஸில் லைப்ரரியை இரண்டாகப் பிரித்துத் தருவார்கள். இசட்லிப்1ஜி என்பதில் இருப்பது, நிரல் ஓடும்போது தேவைப்படுவது மட்டும். பில்ட் செய்ய வேண்டிய ஹெடரும் மற்றவையும் இசட்லிப்1ஜி-டெவ் என்பதில் இருக்கும். ஃபெடோராவில் அதே பகுதி 'டெவெல்' என்று முடியும். (அந்த 'ஜி' என்ன என்று பலர் கேட்பதுண்டு. லினக்ஸ் பழைய சி லைப்ரரியிலிருந்து ஜிலிப்சிக்கு மாறிய காலத்தில், புதியதற்கானது என்று காட்ட ஒட்டிய எழுத்து. மாற்றம் முடிந்து எத்தனையோ வருடமாகியும் எழுத்து போகவில்லை.)

இன்னொரு ஆபத்து சத்தமில்லாதது. ஹெடர் ஒரு பதிப்பிலிருந்தும் லைப்ரரி வேறொரு பதிப்பிலிருந்தும் வந்துவிடலாம். பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் ஒரு ஸ்ட்ரக்ட்டின் அளவு நாற்பது பைட் என்று ஹெடர் சொல்லி, லைப்ரரி அதை நாற்பத்தெட்டாக நினைத்து எழுதினால், பக்கத்து நினைவகம் கெடும். எரர் எதுவும் வராது. எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் நிரல் விழும். இசட்லிப் எழுதியவர்கள் இதை அன்றே யோசித்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு அதன்மேல் இருக்கும் மரியாதைக்கு ஒரு காரணம். நாம் 'இன்ஃப்ளேட்இனிட்' என்று எழுதுவது உண்மையில் ஒரு மேக்ரோ, அதாவது கம்பைல் ஆகும் முன் வேறு வரியாக விரியும் சுருக்கம். அது நாம் கம்பைல் செய்த ஹெடரின் பதிப்பு எண்ணையும் ஸ்ட்ரக்ட்டின் அளவையும் சேர்த்து உள்ளே அனுப்புகிறது. பதிப்பின் முதல் எழுத்தோ அளவோ ஒத்துப்போகாவிட்டால் லைப்ரரி வேலையைத் தொடங்காமல் பதிப்புப் பிழை என்று திருப்பி அனுப்பிவிடும்.

லிங்கர் எதிர்பார்ப்பது

காலியாக விட்ட இடங்களை நிரப்புவது லிங்கரின் வேலை. 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று சொல்வதும் அதுதான். ஹெடரைச் சேர்த்ததால் லைப்ரரியும் தானாகச் சேர்ந்துவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். லிங்கர் ஹெடரைப் பார்ப்பதே இல்லை. அதற்குத் தனியாக 'மைனஸ் எல் இசட்' என்று சொல்ல வேண்டும். 'எல்' என்பதற்குப் பின்னால் வருவது லைப்ரரியின் பெயர். முன்னால் 'லிப்' சேர்த்து, பின்னால் '.ஏ' அல்லது '.எஸ்ஓ' என்ற விரிவைச் சேர்த்து, லிப்இசட் என்ற ஃபைலை அது தேடும்.

அதையும் சொன்ன பிறகு எரர் போகவில்லை என்றால்? வரிசையைப் பாருங்கள். லிங்கர் கட்டளையை இடமிருந்து வலமாகப் படிக்கிறது. லிப்இசட்.ஏ போன்ற ஸ்டாட்டிக் லைப்ரரி என்பது பல ஆப்ஜெக்ட் ஃபைல்களைக் கட்டி வைத்த ஒரு மூட்டை. லிங்கர் அந்த மூட்டையிடம் வரும்போது, இதுவரை கண்ட காலி இடங்களின் கணக்கைக் கையில் வைத்திருக்கும். அவற்றை நிரப்பத் தேவையானதை மட்டும் மூட்டையிலிருந்து எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். மூட்டையை முதலிலும் நம் மெயின்.ஓ ஃபைலைப் பின்னாலும் எழுதினால், மூட்டையிடம் வரும்போது கையில் கணக்கு எதுவும் இல்லை. ஒன்றும் எடுக்காமல் நகர்ந்துவிடும். பிறகு மெயின்.ஓ வந்து கம்ப்ரஸ் கேட்கும்போது திரும்பிப் போய்ப் பார்க்காது. ஆகவே கேட்பவர் முன்னால், கொடுப்பவர் பின்னால். லிப்பிஎன்ஜி இசட்லிப்பைக் கேட்கும் என்றால் லிப்பிஎன்ஜி முன்னால். உபுன்டுவில் 11.10 பதிப்பிலிருந்து, தேவைப்படாத லைப்ரரியைச் சேர்க்காதே என்ற விருப்பத்தை இயல்பாகவே போட்டிருப்பதால், நிரலுக்குள் சேராமல் ஓடும்போது ஏறும் டைனமிக் லைப்ரரிகளுக்கும் இந்த வரிசை முக்கியமாகிவிட்டது. பழைய புத்தகத்தில் உள்ள கட்டளை புதிய கணினியில் ஓடாததற்கு இது ஒரு காரணம்.

சி++ என்றால் இன்னொரு அடுக்கு. ஒரே பெயரில் பல ஃபங்ஷன்கள் இருக்கலாம் என்பதால், கம்பைலர் அவை வாங்கும் வகைகளையும் பெயரோடு பின்னிவிடும். சி மொழியில் கம்பைல் ஆன லைப்ரரியில் பெயர் வெறும் கம்ப்ரஸ்; சி++ நிரல் கேட்பதோ வாலும் தலையும் சேர்ந்த நீண்ட பெயர். இரண்டும் சந்திக்காது. ஹெடரில் 'எக்ஸ்டர்ன் சி' என்று போட்டிருந்தால் பின்னாமல் கேட்கும். இசட்லிப்பின் ஹெடரில் அது ஏற்கெனவே உண்டு. சின்ன லைப்ரரிகளில் பலருக்கு அது மறந்துவிடும்.

2015-இல் வந்த ஜிசிசி 5 கம்பைலர், எழுத்துகளை வைக்கும் ஸ்ட்ரிங் வகையின் உள்ளமைப்பையே மாற்றியது. அன்றிலிருந்து பழைய முறையில் கம்பைல் ஆன சி++ லைப்ரரியைப் புதிய முறை நிரலோடு சேர்த்தால், 'சிஎக்ஸ்எக்ஸ்11' என்ற சொல் நடுவில் வரும் அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் எரர்கள் கொத்தாக வந்து விழும். லைப்ரரி இருக்கிறது, ஃபங்ஷன் இருக்கிறது, பெயரும் படிக்க ஒன்று போலத்தான். ஆனால் உள்ளே ஸ்ட்ரிங் வேறு. விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ பயன்படுத்துவோருக்கு இதன் தம்பி பழக்கமாக இருக்கும்: பிழை தேடக் கட்டும் டீபக் பில்டில், பயனருக்குக் கொடுக்கக் கட்டிய ரிலீஸ் லைப்ரரியைச் சேர்ப்பது. இரண்டின் ரன்டைமும் வேறு. ஏற்கெனவே கம்பைல் ஆன பைனரியாகக் கிடைக்கும் சி++ லைப்ரரியைத் தவிர்த்து, சோர்ஸை வாங்கி நம் கம்பைலரிலேயே கட்டச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது ஆள் வரும் நேரம்

பில்ட் முடிந்தது. நம் கணினியில் ஓடுகிறது. வேறொருவர் கணினியில் போட்டால், 'லிப்இசட்.எஸ்ஓ.1 திறக்க முடியவில்லை' என்று வருகிறது. இதைச் சொல்வது லோடர். டைனமிக் லைப்ரரியாகச் சேர்த்தபோது லிங்கர் அதன் உள்ளடக்கத்தை எடுக்கவில்லை. 'ஓடும்போது லிப்இசட்.எஸ்ஓ.1 வேண்டும்' என்று ஒரு குறிப்பை மட்டும் எழுதி வைத்தது. அந்தக் குறிப்பைப் படித்து லைப்ரரியைத் தேடி நினைவகத்தில் ஏற்றுவது, நிரல் தொடங்கும் ஒவ்வொரு முறையும் லோடர் செய்யும் வேலை. எல்டிடி என்ற கட்டளை இந்தக் குறிப்புகளைப் பட்டியலிட்டு, எது கிடைத்தது எது கிடைக்கவில்லை என்று காட்டும். லிங்கருக்குக் காட்டிய ஃபோல்டரை லோடர் அறியாது என்பதால், சொந்தமாக ஓரிடத்தில் கட்டி வைத்த லைப்ரரி அழகாக லிங்க் ஆகி, ஓடும்போது மட்டும் காணாமல் போவது வழக்கமான நிகழ்ச்சி.

பெயரின் கடைசியில் உள்ள அந்த '1' கவனிக்க வேண்டியது. நிரலுக்கும் லைப்ரரிக்கும் இடையிலான ஒப்பந்தம் உடையாத வரை எண் மாறாது. உள்ளே 1.2.11 ஆகட்டும் 1.3.1 ஆகட்டும், வெளியே எஸ்ஓ.1 தான். ஒப்பந்தம் உடைந்தால் எண் மாறும், பழைய நிரல்கள் புதியதைத் தொடாது. இது எப்படி வலிக்கும் என்பதை, குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் காட்டியது. அதன் 1.1 வரிசையிலிருந்து 3.0 வந்தது 2021 செப்டம்பரில். உபுன்டு 22.04 புதியதை மட்டும் எடுத்துக்கொண்டு பழைய எஸ்ஓ.1.1 ஃபைலை விட்டுவிட்டது. 20.04-இல் கட்டி வைத்திருந்த எத்தனையோ நிரல்கள் அங்கே தொடங்கவே மறுத்தன. பழைய பேக்கேஜை எங்கிருந்தோ இறக்கிப் போட்டுச் சமாளித்தவர்கள் பலர். அந்த 1.1.1 வரிசைக்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தம் 2023 செப்டம்பர் 11-ஆம் தேதியோடு நின்றுபோனது என்பதை நினைத்தால், அப்படிச் சமாளித்தது நல்ல வழி இல்லை.

சரி, இந்தத் தலைவலியே வேண்டாம், எல்லாவற்றையும் ஸ்டாட்டிக்காக உள்ளேயே கட்டிவிடலாமே? ஒரே ஃபைல், எங்கே போட்டாலும் ஓடும். கேட்க நன்றாக இருக்கிறது, பல இடங்களில் அதுவே சரியும்கூட. ஆனால் 2002 மார்ச்சில் நடந்ததை மறக்கக் கூடாது. இசட்லிப்பில், ஒரே நினைவகத் துண்டை இரண்டு முறை விடுவிக்கும் பிழை இருந்தது தெரியவந்தது. திருத்தம் 1.1.4 என்ற பதிப்பாக வந்தது. டைனமிக்காகப் பயன்படுத்திய நிரல்களுக்கு ஒரு ஃபைலை மாற்றினால் முடிந்தது. பிரச்சினை மற்றவற்றில். இசட்லிப்பின் சோர்ஸை அப்படியே எடுத்துத் தன்னுள் வைத்துக்கொண்ட நிரல்கள் ஏராளம். லினக்ஸ் கெர்னலுக்குள் ஒரு பிரதி, ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சின்க்குள் ஒரு பிரதி. அவை ஒவ்வொன்றையும் தேடிக் கண்டுபிடித்துத் தனித்தனியாகத் திருத்தி மறுபடி கட்ட வேண்டியிருந்தது. எதற்குள் எது இருக்கிறது என்ற பட்டியல் யாரிடமும் இல்லாததுதான் பெரிய சுமை.

2022-இல் மறுபடி ஒன்று. குறிப்பிட்ட வகை உள்ளீட்டைச் சுருக்கும்போது நினைவகம் கெடும் பிழை. இதில் விசேஷம், திருத்தம் 2018-லேயே சோர்ஸில் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆனால் 2017 ஜனவரியில் வந்த 1.2.11-க்குப் பிறகு புதிய பதிப்பே வெளியாகவில்லை. 2022 மார்ச்சில் 1.2.12 வந்தபோதுதான் திருத்தம் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. கடைசி நிலையான பதிப்பை வைத்திருக்கிறோம், கவலையில்லை என்று இருந்தவர்கள் அனைவரும் நான்கு வருடம் பிழையோடுதான் இருந்தார்கள்.

உரிமம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இசட்லிப்பின் உரிமம் தாராளமானது. எல்ஜிபிஎல் உரிமத்தில் வரும் லைப்ரரி என்றால், ஸ்டாட்டிக்காகக் கட்டும்போது பயனர் அந்த லைப்ரரியை மாற்றி மறுபடி லிங்க் செய்ய வழி கொடுக்க வேண்டும். டைனமிக்காக இருந்தால் அது எளிது. ஜிபிஎல் என்றால் நிரலை வெளியே கொடுக்கும்போது மொத்தத்துக்கும் அதே விதி வந்துவிடும். பில்ட் எரர் எதுவும் இதைச் சொல்லாது. சேர்ப்பதற்கு முன் படிக்க வேண்டியதை, பலர் வாடிக்கையாளர் கேட்ட பிறகு படிக்கிறார்கள்.

கூடவே வரும் உறவினர்கள்

ஒரு லைப்ரரி தனியாக வருவதில்லை. லிப்பிஎன்ஜியைச் சேர்த்தால் இசட்லிப்பும் வருகிறது. நம் நிரல் நேரடியாகவும் ஓர் இசட்லிப்பைச் சேர்த்திருந்து, லிப்பிஎன்ஜியின் பைனரிக்குள் வேறொரு பதிப்பு புதைந்திருந்தால்? லினக்ஸில் ஒரு ஃபங்ஷனைத் தேடும்போது பெயரை வைத்துத்தான் தேடுவார்கள். எந்த லைப்ரரியிலிருந்து வேண்டும் என்று அதில் எழுதியிருக்காது. முதலில் கண்ணில் படுவதே எல்லோருக்கும். லிப்பிஎன்ஜி தன்னுடைய இன்ஃப்ளேட்டை அழைப்பதாக நினைத்து நம்முடையதை அழைக்கும். விண்டோஸிலும் மேக்கிலும் லைப்ரரியின் பெயரையும் சேர்த்து எழுதி வைப்பதால் இந்தக் குழப்பம் குறைவு. இசட்லிப்பைக் கட்டும்போது எல்லாப் பெயர்களுக்கும் முன்னால் ஒரு 'இசட்' ஒட்டு சேர்க்கும் வசதி இருக்கிறது. தன் நிரலுக்குள் பிரதி வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பவர்கள் அதைப் பயன்படுத்தினால் மற்றவர்களுக்குப் பெரிய உதவி.

இந்த வேலைகளையெல்லாம் கையால் செய்யக் கூடாது. பிகேஜி-கன்ஃபிக் என்ற கருவி, லைப்ரரிக்கு வேண்டிய ஃபோல்டர்களையும் வரிசையையும் சொல்லித்தரும். பில்ட் கருவியான சிமேக்கில் 'ஃபைண்ட் பேக்கேஜ்' வழியாக இசட்லிப்பைக் கண்டுபிடித்து, அதை நாம் கட்டும் டார்கெட்டோடு இணைத்தால் ஹெடர் இடம், லிங்க் கொடி எல்லாம் சேர்ந்தே வரும். இணைக்கும்போது 'பப்ளிக்', 'ப்ரைவேட்' என்று கேட்கும் சொல்லைப் பலர் கண்ணை மூடிக்கொண்டு பப்ளிக் என்று போடுகிறார்கள். நம் ஹெடரில் இசட்லிப்பின் வகைகள் தெரியாவிட்டால் ப்ரைவேட் போதும். பப்ளிக் போட்டால் நம்மைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் அதைத் தலையில் கட்டுகிறோம், பின்னாளில் எடுக்க நினைத்தால் யார் யார் உடைவார்கள் என்று தெரியாது. சி++ உலகத்துக்கு விசிபேக்கேஜ், கோனன் என்று பேக்கேஜ் மேலாளர்கள் வந்திருக்கின்றன. ரஸ்ட்டின் கார்கோ, கோ மொழியின் மாட்யூல் முறை ஆகியவை இதைத் தொடக்கத்திலிருந்தோ நடுவிலிருந்தோ மொழியோடு சேர்த்தே வைத்துக்கொண்டன: வரி ஒன்று எழுதினால் போதும், உறவினர்கள் உட்பட எல்லாம் வந்து இறங்கும், பதிப்பும், ஃபைலின் கைரேகை போன்ற ஹேஷும் ஒரு ஃபைலில் பதிவாகும். அந்த வசதியிலும் ஓட்டை இருக்கிறது. ரஸ்ட்டில் ஓப்பன்எஸ்எஸ்எல்லைத் தொடும் பேக்கேஜ் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். கணினியில் டெவ் பேக்கேஜ் இல்லையென்றால், இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் நின்ற அதே இடத்தில் போய் நிற்பீர்கள்.

ஹேஷ் பதிவாகி இருப்பது நேற்று வந்த ஃபைல்தான் இன்றும் வருகிறது என்பதற்கு உறுதி. அந்த ஃபைல் நல்லதா என்பதற்கு அல்ல. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டெவலப்பர் வெளியிட்ட தகவல் இதை எல்லோருக்கும் உறைக்கச் செய்தது. அவர் டெபியனின் 'அன்ஸ்டேபிள்' பதிப்பில் வேக அளவீடு செய்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் தோண்டினார். எக்ஸ்இசட் என்ற இன்னொரு சுருக்க லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்வாசல் வைத்திருந்தார்கள். தீய பகுதி, சோதனைக்கான ஃபைல்கள் என்ற பெயரில் ஒளிந்திருந்தது. அதை எடுத்துக் கோர்க்கும் வரியோ, சோர்ஸ் இருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது. அதாவது சோர்ஸைப் படித்தவர்களுக்குத் தெரியாது, பில்ட் போட்டவர்களுக்கு மட்டும் வந்து சேரும். ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் ஏறத்தாழ மூன்று வருடம் நல்லவிதமாகப் பங்களித்து, களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்ற பிறகு செய்தது இது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது, அது எஸ்எஸ்எச்சுக்குள் நுழைந்த பாதை. எஸ்எஸ்எச் சர்வர் நிரலான ஓப்பன்எஸ்எஸ்எச் எக்ஸ்இசட்டைப் பயன்படுத்துவதே இல்லை. எழுதியவர்கள் அதைச் சேர்க்கவில்லை. ஆனால் டெபியன், ஃபெடோரா போன்றவை, சர்வர் தயாராகிவிட்டது என்று, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்பதற்காக லிப்சிஸ்டம்டி லைப்ரரியைத் தாங்களாகச் சேர்த்திருந்தன. லிப்சிஸ்டம்டி, சுருக்கிய பதிவேடுகளைப் படிக்க எக்ஸ்இசட்டை இழுத்துவந்தது. லோடர் தன் வேலையை ஒழுங்காகச் செய்து, எஸ்எஸ்எச் சர்வர் தொடங்கும்போதெல்லாம் அதையும் சேர்த்து ஏற்றியது. எல்டிடி போட்டிருந்தால் பட்டியலில் தெரிந்திருக்கும். யாருக்கும் பார்க்கத் தோன்றவில்லை.

அந்தத் தகவல் எவ்வளவு பெரியது தெரியுமா? ஒரு சாக்கெட்டில் 'ரெடி=1' என்று எழுதுவது. அவ்வளவுதான். அதற்காகத்தான் லிப்சிஸ்டம்டி முழுதும், அதன் உறவினர்கள் முழுதும் வந்திருந்தார்கள். 2024 ஜூலையில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8 பதிப்பில், அந்த ஒரு வரியை அனுப்பும் சிறு நிரலைத் தாங்களே எழுதிச் சேர்த்துவிட்டார்கள். இப்போது அதற்கு லிப்சிஸ்டம்டி தேவையில்லை.